குளிர்காற்று கொண்டுவந்த செய்தி



சமவெளியில் வாழும் நமக்குக் காரிலுள்ள ஹீட்டர் என்பது பெயரளவில் இருக்கும் ஒரு வசதிதான். திருகியை ஆண்டு முழுவதும் நீலப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். சிவப்புப் பக்கம் என்று ஒன்று இருப்பதே மலைக்குப் போகும்போதுதான் நினைவுக்கு வருகிறது. போன இடத்தில் அது வேலை செய்யாவிட்டாலும், 'போகட்டும், சால்வையைப் போர்த்திக் கொள்வோம்' என்று விட்டுவிடுகிறோம். அவ்வாறு விட்டுவிட்டதனால் என் தங்கையின் குடும்பம் பட்ட பாட்டை இம்மாதம் எழுதலாம் என்று எண்ணுகிறேன். நான் வரலாறு படித்தவன். மதரஸாவில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவன். இயந்திரங்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. அன்று குன்னூரில் ஒரு முதிய மெக்கானிக் சொல்லித் தந்ததையும், அதன்பின் நானாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

2019ஆம் ஆண்டு ஜனவரி மாதம். உதகமண்டலத்தில் உறவினர் வீட்டு நிக்காஹ். பகல் பதினொரு மணிக்கு நேரம் குறித்திருந்தார்கள். மேட்டுப்பாளையத்தில் ஃபஜ்ரு தொழுதுவிட்டு மலையேறத் தொடங்கினோம். வண்டியைத் தங்கையின் கணவர் ஓட்டினார். அவருக்குப் பக்கத்தில் நான். பின்னால் என் தாயார், தங்கை, அவள் மடியில் ஏழு மாதக் குழந்தை. வண்டி வாங்கிப் பத்தாண்டுகள் ஆகியிருந்தன.

கல்லாற்றைக் கடந்து பர்லியாரை நெருங்கும்போதே குளிர் உறைக்க ஆரம்பித்தது. மாப்பிள்ளை ஹீட்டரைத் திருப்பினார். காற்று வேகமாகத்தான் வந்தது. ஆனால் வெளியிலிருந்த குளிரை அப்படியே உள்ளே கொண்டுவந்தது. குழந்தை சிணுங்கிற்று. பின்னாலிருந்து தங்கை சொன்னாள்:

"என்னங்க, இதில் குளிர்காற்றுதான் வருகிறது. போன மாதம் கோத்தகிரிக்குப் போனபோது வெதுவெதுப்பாகவாவது வந்ததே!"

"இந்த வண்டியில் ஹீட்டர் எப்போதும் இப்படித்தான். கீழே இறங்கிவிட்டால் அது எதற்கு?" என்று சொல்லிவிட்டு அவர் காற்றை நிறுத்தினார். என் தாயார் தம் சால்வையைக் கழற்றிக் குழந்தைக்குச் சுற்றினார்கள். நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த நொடியில் தங்கை சொன்ன ஒரு வாக்கியத்தை நாங்கள் இருவரும் காதில் வாங்கியிருந்தால், பின்னால் வந்த அத்தனையும் நேர்ந்திராது.

சில வளைவுகள் தாண்டியதும் வெப்பமானியின் முள் மளமளவென்று மேலேறியது. மாப்பிள்ளை கவலையுடன் வேகத்தைக் குறைத்தார். சிறிது நேரத்தில் முள் தானாகவே கீழே இறங்கிற்று. "சரியாகிவிட்டது மச்சான்" என்று மகிழ்ந்தார். குன்னூருக்குச் சில கிலோமீட்டர் இருக்கும்போது எஞ்சின் இழுக்க மறுத்தது. பானட்டின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. சாலையோரமாக ஒதுக்கி நிறுத்தினோம்.

பானட்டைத் திறந்தார். ஒரு துண்டை மடித்து ரேடியேட்டர் மூடியின்மேல் வைத்துத் திருகப் போனார். அப்போது பின்னால் வந்து நின்ற சுற்றுலா வேனிலிருந்து ஓட்டுநர் குதித்து ஓடிவந்து அவர் கையைப் பிடித்துவிட்டார். "தம்பி, கையை எடுங்க! குக்கரில் ஆவி அடங்காமல் மூடியைத் திறப்பீர்களா?" என்று சத்தமிட்டார். தம் பிடரியிலிருந்து தோள்வரை நீண்டிருந்த பழைய தீத்தழும்பைச் சட்டையை விலக்கிக் காட்டினார். அவரும் ஒரு நாள் துண்டை மடித்து வைத்துத்தான் மூடியைத் திறந்தாராம்.

சகோதரிகளுக்கு இது எளிதில் விளங்கும். உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் சுமார் 92, 93 டிகிரியிலேயே கொதிநிலை வந்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் அங்கே பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான். குக்கரில் ஆவியை அடைத்து அழுத்தம் ஏற்றினால், கொதிநிலை உயர்ந்து பருப்பு விரைவில் வெந்துவிடுகிறது. ரேடியேட்டர் மூடியும் அதே வேலையைச் செய்கிறது. நூறு டிகிரியைத் தாண்டிய பிறகும் உள்ளேயிருக்கும் நீரைக் கொதிக்கவிடாமல் அழுத்திப் பிடித்திருக்கிறது. மூடியைத் திறந்த மறுகணம் அந்த அழுத்தம் போய்விடுகிறது. நீர் ஒரே வீச்சில் கொதித்து, ஆவியும் வெந்நீருமாக முகத்தில் பாய்கிறது. அதன் முன்னே துண்டு என்ன செய்யும்? எஞ்சின் நன்றாக ஆறி, ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தால் சுடாத நிலை வரும்வரை அந்த மூடியில் யாரும் கைவைக்கக் கூடாது. அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். பெரும்பாலும் அதற்கு மேலும் ஆகும்.

அந்த வேன்காரர் என் தாயாரையும் தங்கையையும் குழந்தையையும் தம் வண்டியிலேயே ஏற்றிக் குன்னூரில் இறக்கிவிட்டு, ஒரு மெக்கானிக்குக்கும் சொல்லி அனுப்பினார். கூலி வாங்க மறுத்துவிட்டார். அவருக்காக இன்றும் துஆச் செய்கிறேன்.

வந்த மெக்கானிக்குக்கு எழுபது வயதிருக்கும். காக்கிச் சட்டை, தலையில் கம்பளித் தொப்பி. எஞ்சினைப் பார்க்கவில்லை; பானட்டுக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என் தாடியையும் தொப்பியையும் பார்த்து ஸலாம் சொல்லிவிட்டு, முதலில் கேட்டது இதுதான்: "ஹஜ்ரத், ஏறும்போது ஹீட்டர் எப்படி இருந்தது?"

எனக்கு வியப்பாயிருந்தது. ஆவி கக்கிக்கொண்டு வண்டி நிற்கிறது. இவர் ஹீட்டரைப் பற்றி விசாரிக்கிறாரே! தங்கை சொன்னதை அப்படியே சொன்னேன். போன மாதம் வெதுவெதுப்பு, இன்று குளிர். அவர் தலையை ஆட்டினார். "அது இரண்டு வேறு நோய் ஹஜ்ரத். முதல் நோயை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது நோய்தான் வண்டியை நிறுத்தியிருக்கிறது" என்றார். எஞ்சின் ஆறும்வரை எங்களை ஒரு தேநீர்க் கடையில் உட்காரவைத்து அவர் விளக்கியதன் சாரம் வருமாறு.

காரில் ஹீட்டர் என்று தனியாக ஓர் அடுப்பு கிடையாது. எஞ்சினில் எரியும் பெட்ரோல் தரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இயக்க வேலையாக மாறுகிறது. மீதமுள்ளது வெப்பமாகப் போகிறது. அதில் ஒரு பாதி புகையோடு வெளியேற, இன்னொரு பாதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏற்றுக்கொள்கிறது. இந்தச் சூட்டு நீரை வெளியே ஆற்றுவது முன்னாலுள்ள பெரிய ரேடியேட்டர். அதைப் போலவே ஒரு குட்டி ரேடியேட்டர் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. எஞ்சினிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் அதற்குப் போகின்றன. ஒன்றில் சூட்டு நீர் போகிறது, மற்றொன்றில் திரும்புகிறது. ஃபேன் அந்தக் குட்டி ரேடியேட்டரின் மேல் காற்றை ஊதுகிறது. நமக்கு வெதுவெதுப்பு வருகிறது. ஆகவே ஹீட்டர் போட்டால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும் என்று நம்மில் பலர் எண்ணுவது தவறு. வீணாய்ப் போகும் வெப்பத்தைத்தான் அது எடுத்துத் தருகிறது. ஏ.சி.யின் கதை வேறு. அதற்கு எஞ்சின் தனியாக உழைக்க வேண்டும்.

இனி ஒரு முக்கியமான செய்தி. பல வண்டிகளில் அந்தக் குட்டி ரேடியேட்டர், நீர் ஓடும் வழியில் உயரமான இடத்தில் அமைந்திருக்கிறது. எங்கேனும் ஒழுகி நீர் குறைந்தால், மேலேயிருக்கும் அதுதான் முதலில் வறண்டுபோகும். நீர் இருந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்ளும். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். முள்ளும் நடுவிலேயே நிற்கும். ஹீட்டர் மட்டும் குளிர்காற்றை ஊதும். "எஞ்சின் தாகத்தால் செத்துப்போவதற்கு முன் நமக்கு எழுதும் கடிதம் அது" என்றார் பெரியவர்.

அப்படியானால் முள் இறங்கியது எப்படி என்று மாப்பிள்ளை கேட்டார். வெப்பத்தை அளக்கும் கருவி நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். நீர் அதற்கும் கீழே போய்விட்டால், அது வெறும் ஆவியில் நின்றுகொண்டு பொய் சொல்லும். எங்கள் முள் இறங்கியது எஞ்சின் ஆறியதால் அன்று. அளப்பதற்கு நீரே இல்லாமற்போனதால். மாப்பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது.

எஞ்சின் ஆறிய பின் பானட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தார். ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் கிளிப்புக்குப் பக்கத்தில் வெடித்திருந்தது. பல வாரங்களாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்திருக்க வேண்டும். மேட்டில் ஏறும்போது அழுத்தம் கூடி மொத்தமாகத் திறந்துகொண்டது. அடியில் மிஞ்சியிருந்த நீர் துருவேறிச் செம்மண் குழம்பாக இருந்தது. விசாரித்ததில், கூலண்ட் குறையும்போதெல்லாம் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றி வந்திருக்கிறார் என்று தெரிந்தது. அந்த உப்புநீர் வெந்நீர் அண்டாவில் எப்படிப் படியும் என்பதைச் சகோதரிகள் அறிவார்கள். விரல் அகலம்கூட இல்லாத குழாய்களுக்குள் அதே உப்பு படிந்தால் அடைப்பு வராமல் என்ன செய்யும்?

பிறகு அவர் கண்டுபிடித்தது முதல் நோய். எஞ்சினில் தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது! அது, நீர் போதிய சூடு ஏறும்வரை, அதாவது பெரும்பாலான வண்டிகளில் 80 முதல் 90 டிகிரிவரை, பெரிய ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைத்திருக்கும் சிறு கதவு. இரண்டு கோடைக்கு முன் கீழே ஒரு பட்டறையில், 'நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?' என்று சொல்லிக் கழற்றி எறிந்துவிட்டிருக்கிறார்கள். இந்த வழக்கம் நம் பக்கத்துப் பட்டறைகளில் பரவலாக இருக்கிறது. வண்டி சூடாகாது என்று உரிமையாளரும் மகிழ்ந்துபோகிறார். உண்மையில் எஞ்சின் வேண்டிய சூட்டையே எட்டாமல் அரைகுறையாக ஓடுகிறது, பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கிறது, விரைவாகத் தேய்கிறது. மலைக்குப் போனால் ஹீட்டரில் வெறும் வெதுவெதுப்புத்தான் வருகிறது. கோத்தகிரியில் தங்கை கண்டது அதுதான்.

ஆகவே, வெதுவெதுப்பாக வந்து முள்ளும் எப்போதும் தாழ்ந்தே நின்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகிக்க வேண்டும். அது இல்லாமலிருக்கலாம், அல்லது திறந்தபடியே சிக்கிக்கொண்டிருக்கலாம். கழற்றி எடுத்த வால்வு நல்லதா என்று அடுப்பிலேயே சோதிக்கலாம். ஒரு பாத்திரத்து நீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடேற்றினால், அதன்மேல் பொறித்திருக்கும் டிகிரி அளவை ஒட்டி வாய் திறக்க வேண்டும். நீர் ஆறினால் மூடிக்கொள்ள வேண்டும். குளிர்ந்த நீரிலேயே வாய் பிளந்திருந்தால் அது பயன்படாது. பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள்.

காற்று முழுவதும் குளிர்ச்சியாக வந்தால் வேறெதையும் பார்க்குமுன் நீரைப் பாருங்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பக்கத்திலிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டியில் நீர்மட்டம் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். குறைந்திருந்தால் ஊற்றிவிட்டு மறந்துவிடக் கூடாது. மூடிய அமைப்பில் நீர் தானாகக் குறையாது, எங்கோ போகிறது. தரையில் சொட்டியிருக்கலாம். காருக்குள் இனிப்பான ஒரு வாடை, கண்ணாடியில் பிசுபிசுப்பு, முன் இருக்கையின் கால்விரிப்பில் ஈரம் ஆகியவை இருந்தால் குட்டி ரேடியேட்டரே ஒழுகுகிறது என்று பொருள். வெளியே எங்கும் ஒழுகாமல் குறைந்துகொண்டே வந்து, புகைக்குழாயில் ஓயாமல் வெண்புகையும் வந்தால், ஹெட் கேஸ்கெட் போய்விட்டதோ என்று அஞ்ச வேண்டும்.

நீர் சரியாக இருந்தும் சூடு வராவிட்டால், அந்த இரண்டு ரப்பர் குழாய்களைத்தான் பெரியவர் தொட்டுப் பார்க்கச் சொன்னார். எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடேற்றி, பிறகு நிறுத்திவிட்டு, விரல் நுனியால் மெல்லத் தொட வேண்டும். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகில் கை போகக் கூடாது. முந்தானை, துப்பட்டா, தொங்கும் சட்டைக்கை எதுவும் வேண்டாம். இரண்டு குழாய்களும் நன்றாகச் சுட்டால், சூட்டு நீர் வந்துதான் திரும்புகிறது. கோளாறு டேஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பிவிடும் மடலிலோ, அதன் கம்பியிலோ, புதிய வண்டியானால் அதன் சிறு மோட்டாரிலோ இருக்கும். திருகியைத் திருப்பும்போது உள்ளே 'டக் டக்' என்று சத்தம் வந்தால் அந்த மோட்டார்தான். ஒன்று சுட்டு மற்றொன்று குளிர்ந்திருந்தால் உள்ளே அடைப்பு. உப்பும் துருவும் செய்த வேலை. சில வண்டிகளில் ஹீட்டருக்கென்று ஒரு தனி வால்வு உண்டு. அது மூடியபடி இறுகியிருந்தாலும் இப்படியே இருக்கும். இரண்டுமே குளிர்ந்திருந்தால் நீர் அங்கே வரவேயில்லை. அண்மையில் கூலண்ட் மாற்றியிருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கலாம். அதை முறையாக வெளியேற்றத் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும்.

காற்றே வராமல் இருந்தால் அது ஃபேனின் குறை. சில வேளைகளில் ஒரு ஃபியூஸ் மாற்றினாலே போதும்.

பெரியவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு முதலில் விந்தையாகப் பட்டது. மேட்டில் முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை நிறுத்திவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட வேண்டுமாம். எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதியை அந்தக் குட்டி ரேடியேட்டர் வாங்கிக்கொள்ளும். நிறுத்த இடம் கிடைக்கும்வரை அது உதவும். அப்போது சூட்டுக் காற்று வந்தால் நீர் இருக்கிறது. முள் மேலே நிற்க, ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் நீர் இல்லை. அடுத்த வளைவுவரைகூடப் போகாமல் அங்கேயே ஒதுக்கி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். நாங்கள் செய்ததோ நேர்மாறு. குளிர்காற்று வருகிறதே என்று ஹீட்டரை நிறுத்தினோம்; முள் இறங்கிற்றே என்று வண்டியை ஓட்டினோம்.

எஞ்சினின் மேல்பாகம் சூட்டில் வளைந்துவிட்டிருந்தது. அதைக் கடைசலுக்கு அனுப்பிச் சமப்படுத்தி, புதிய கேஸ்கெட், புதிய குழாய்கள், தெர்மோஸ்டாட் எல்லாம் போட்டு வண்டி திரும்பி வர ஆறு நாட்கள் ஆயின. செலவு, நிக்காஹ்வுக்கு நாங்கள் எடுத்துச் சென்ற அன்பளிப்பைப் போலப் பல மடங்கு. வெடித்த குழாயின் விலை அதில் மிகச் சிறிய தொகை. நாங்கள் பேருந்தில் உதகை போய்ச் சேர்ந்தபோது நிக்காஹ் முடிந்து பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

கூலண்ட் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடையது, கடும் விஷம். நிறமும் பச்சை, சிவப்பு என்று சர்பத்தைப் போலவே இருக்கும். மீந்ததைச் சர்பத் பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கும் பூனைகளுக்கும் எட்டாத இடத்தில் அதன் சொந்த டப்பாவிலேயே பூட்டி வையுங்கள். தரையில் சிந்தினால் உடனே கழுவிவிடுங்கள்.

ஹீட்டர் கெட்டுப்போன வண்டியில் குளிர் தாங்காமல் சிலர் கரியடுப்பையோ சிறு கேஸ் அடுப்பையோ பற்றவைக்கிறார்கள். மலையில் வேனுக்குள் படுத்து உறங்குவோரிடம் இதைக் கண்டிருக்கிறேன். கதவு சாத்திய வண்டியில் கரி கனன்றால் கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு சேரும். அதற்கு நிறமில்லை, மணமுமில்லை. உறங்கியவர் விழிப்பதில்லை. ஹீட்டர் நன்றாக இருக்கும் வண்டியிலும் இதே ஆபத்து உண்டு. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரீ மலையில், பனிப்பொழிவைக் காணப் போன குடும்பங்கள் கடும் பனிப்புயலில் சாலையிலேயே சிக்கிக்கொண்டன. வாகனங்களுக்குள் குறைந்தது 22 பேர் இறந்தார்கள்; அவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். சிலருடைய இறப்புக்கு இந்த வாயுவே காரணம் என்று சொல்லப்பட்டது. பனி புகைக்குழாயை மூடிவிட்டால் புகை வண்டிக்குள் திரும்பும். குளிர் நாடுகளில் மக்களை வைத்திருக்கும் தாய்மார்கள் அடுத்த முறை பேசும்போது, எஞ்சினைப் போடுமுன் புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அள்ளிவிடச் சொல்லுங்கள். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டு வண்டியைச் சூடேற்ற வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

மின்சாரக் கார் வாங்கியவர்களுக்கு மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி பொருந்தாது. அங்கே வீணாகும் எஞ்சின் வெப்பம் இல்லை. ஹீட்டர் பாட்டரியிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. உதகையில் ஹீட்டர் போட்டால் வண்டி ஓடும் தூரம் குறைவதைக் கண்டு பதற வேண்டாம். அது கோளாறு அன்று.

தங்கை இப்போது வெள்ளிக்கிழமை காலைதோறும் பானட்டைத் திறந்து அந்த வெள்ளைத் தொட்டியைப் பார்க்கிறாள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்று பானட்டைப் பிடித்துக்கொள்கிறார்.

மலைப்பாதையில் முன்கண்ணாடி உட்புறம் வியர்த்துப் பார்வையை மறைப்பது ஏன், அதற்குத் துணியால் துடைப்பதைவிட நல்ல வழி என்ன என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் எழுதுகிறேன்.